உள்பை போடாமல் அனுப்பிய போர்வை

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்குக் கழுத்து வலி கொஞ்சம் உண்டு, எனக்கு வலது கட்டைவிரலில் பெரிய கட்டு உண்டு, இவை இரண்டையும் சேர்க்காவிட்டால் மூவரும் பூரண நலம். நீயும் காய்ச்சல் இருமல் எதுவும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் தொடங்குகிறேன். எனக்குப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை, அதனால் நான் வாயால் சொல்கிறேன், சின்னவள் எழுதுகிறாள். நான் சொல்வதை அப்படியே எழுதடி என்றால், "அப்பா, நீங்க பேசறது பேச்சு, கடிதத்துக்கு அது சரியா வராது, நான் ஒழுங்குபடுத்தி எழுதறேன்" என்கிறாள். வாரத்துக்கு நாலு புத்தகம் நூலகத்திலிருந்து எடுத்து வருகிறவளோடு யார் வாதாடுவது. ஆகவே நடையில் குறை இருந்தால் அவளுடையது, செய்தியில் குறை இருந்தால் என்னுடையது. செய்தியில் குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேன். போனில் என்றால் நீ பாதியிலேயே "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிடுவாய், நானும் அதுதான் சாக்கு என்று அங்கேயே நிறுத்திவிடுவேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அறை இப்போது முழுக்கப் பார்சல் அறை ஆகிவிட்டது. ஜன்னலோரத்தில் நீ படித்த மேசையில் அளவுகோல், கட்டர், டேப், பசைக் கிண்ணம். உன் கட்டில் நிறைய அம்மா விற்பதற்குத் தைத்த குழந்தைத் தொப்பிகள், கழுத்துத் துணிகள், சின்னப் போர்வைகள். நீ திடீரென்று வந்து நின்றால் படுக்க இடம் இராது, இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வா. குளியலறைக் குழாய் ஒழுகுவதை ஆள் கூப்பிடாமல் நானே சரிசெய்தேன், இப்போது முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. சின்னவளுக்குத் தேர்வு முடிந்தது, கணக்குத் தாள் மட்டும் சுமார் என்று அவளே இங்கே எழுதிக்கொள்கிறாள், எனக்கே அந்தச் செய்தி இப்போதுதான் தெரிகிறது. நீ அனுப்பிய பொட்டலம் ஆறு வாரத்துக்கு முன்பே பத்திரமாக வந்து சேர்ந்தது, அது உனக்குத் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும், மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

நீ மெயிலர் என்கிறாய், இங்கே எல்லாரும் கவர் என்கிறோம். மூன்று விதமும் அனுப்பியிருந்தாய், வெறும் பிளாஸ்டிக் கவர், உள்பக்கம் காற்றுக் குமிழி ஒட்டிய கவர், தடித்த பழுப்புக் காகிதக் கவர். கூடவே நாலு பக்கம் எழுதியிருந்தாய். கிடங்கில் திரும்பி வரும் பொருள்களைப் பிரித்துப் பார்ப்பதே உன் வேலை என்பதால் எது உடைந்து வருகிறது, எது கசங்கி வருகிறது, எது சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு வருகிறது என்று உனக்குத் தெரியாதது இல்லை. துணி உடையாது, அதற்கு எதற்கு அட்டைப்பெட்டி, தட்டையான கவர் போதும், கதவு இடுக்கில் நுழையும், வாங்குகிறவர் வீட்டில் இல்லாவிட்டாலும் திரும்பி வராது என்று எழுதியிருந்தாய். கடைசிப் பக்கத்தில், மழை நாளில் காகிதக் கவருக்குள் பாலித்தீன் பை கட்டாயம் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாய். அந்த இரண்டு கோட்டையும் நான் பார்த்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழி இருக்கக் கூடாது.

அம்மாவுக்கு உன் யோசனை உடனே பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை, காரணம் சொன்னால் சிரிப்பாய். மருந்துக்கடையில் இருபத்தேழு வருஷம் நின்றே வேலை பார்த்தவன், கால் நரம்பு வீங்கி வீட்டோடு உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கடையில் இப்போதும் காலிப் பெட்டிகளை எனக்கென்று எடுத்து வைக்கிறார்கள். அவற்றை ஒட்டுப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து, பொருளின் அளவுக்கு வெட்டி மறுபடி ஒட்டுவேன், மருந்தின் பெயர் உள்ளே போய்விடும், சுத்தமான பழுப்பு வெளியே வரும். ஒரு தடவை ஒன்றைத் திருப்ப மறந்து, குழந்தைத் தொப்பி கேட்டா பூச்சி மருந்து அனுப்பியிருக்கீங்களே என்று ஓர் அம்மாள் போனில் கேட்டதை நீயும் அறிவாய். அந்த ஒன்றைத் தவிர என் பெட்டியில் யாரும் குறை கண்டதில்லை. காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு உன் அறைக்குள் போவேன், ஒரு மணிக்கு வெளியே வருவேன். வேலைக்குப் போய்விட்டு வருகிறவன் மாதிரி இருக்கும். கவரில் என்ன இருக்கிறது, போட வேண்டியது, ஒட்ட வேண்டியது, பத்து பார்சலும் அரை மணியில் முடிந்துவிடும். மீதி மூன்றரை மணி நேரம் நான் என்ன செய்வது, குழாயைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பார்சல் கவுண்டரில் இருப்பவரும் அம்மாவின் பக்கம்தான். நான் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போய் நின்றால் ஒன்றைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "என்ன சார், உள்ள பாதி காத்துதான் இருக்கு. காத்துக்கும் சேர்த்துத்தான் காசு, தெரியும்ல" என்பார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதை வந்து அம்மாவிடம் சொன்னது என் தப்பு. "அதைத்தானே உங்க பொண்ணு நாலு பக்கம் எழுதியிருக்கா" என்றாள். பெட்டிக்கு உள்ள கௌரவம் கவருக்கு வராது, கவரில் வருவதை யாரும் பரிசு என்று நினைக்க மாட்டார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "ஏங்க, பெட்டி என்ன நீங்க பெத்த பிள்ளையா? பத்து பார்சல்ல அஞ்சைப் பெட்டியிலயும் அஞ்சைக் கவர்லயும் அனுப்பிப் பார்ப்போம், எது நல்லா போய்ச் சேருதோ அதுதான் இனிமே" என்று முடித்துவிட்டாள். எதை எதில் போடுவது என்று அவள் பிரித்து வைத்தாள், போட்டு ஒட்டுவது என் பொறுப்பு.

கவரில் போக வேண்டியவற்றில் ஒரு வெள்ளைப் போர்வை இருந்தது. நடுவில் குழந்தையின் பெயர், சிவப்பு நூலில், சுற்றிலும் பொடிப் பொடியாக இலைகள். பதினோரு நாள் வேலை. கேட்டிருந்த பெண்ணுக்குக் குழந்தை மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், அதை வீட்டுக்குக் கொண்டு வரும் நாளில் இந்தப் போர்வையில் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் இருப்பேன், வீட்டில் பெட்டி வாங்க ஆள் இல்லை என்று அவள் சொல்லியிருந்ததால் அம்மா அதைக் காகிதக் கவர்ப் பக்கம் வைத்தாள். அன்று வெளியே மேகம் கறுத்து நின்றது. போர்வையை மடித்தேன், கவருக்குள் வைத்தேன். பாலித்தீன் பை மேசை மேல் என் முழங்கையை ஒட்டி இருந்தது. அதை எடுத்தேன், போடவில்லை, அளவுகோலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மறதி என்று அன்றைக்கே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறந்துபோனவன் பையை எடுத்து மறைத்து வைக்க மாட்டான். கவர் கொஞ்சம் நனையட்டும், ஓரம் கொஞ்சம் நைந்து போகட்டும், பெட்டிதான் நல்லது என்று உன் அம்மா சொல்லட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். குழந்தையை நான் நினைக்கவே இல்லை.

நாலாம் நாள் அம்மாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. கவரைப் பாதி உள்ளே பாதி வெளியே கதவு இடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள், மழை விடாமல் பெய்திருக்கிறது, அந்தப் பெண் இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். வெள்ளைத் துணி முழுக்க இளஞ்சிவப்பாய் ஊறி, பெயரே தெரியாமல் கலங்கியிருந்தது. அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் யாரையும் திட்டவில்லை. "நூலை நனைச்சுப் பார்த்திருக்கணும், என் புத்திக்கு எட்டலையே" என்று சொல்லி, வீட்டில் உள்ள நூல்கண்டு அத்தனையிலும் ஒரு முழம் வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு அடுப்படி முழுக்க வரிசையாக வைத்தாள். முப்பத்திரண்டு கிண்ணம். போதாமல் என் சவரக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் முழுக்க அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து குனிந்து சாயம் போகிறதா என்று பார்த்தாள், கழுத்து வலி அப்போது வந்ததுதான். நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மாலையில் அவளே வந்து, "நீங்க சொன்னதுதாங்க சரி, பெட்டியே இருக்கட்டும்" என்றாள். நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டபோது இனிக்கவில்லை. அப்படியும் மறுநாள் வீம்புக்கு ஒரே மூச்சில் பன்னிரண்டு பெட்டி வெட்டினேன், பதின்மூன்றாவதில் கட்டர் கட்டைவிரலில் ஏறிவிட்டது. நாலு தையல்.

அந்த வாரம்தான் நீ போன் செய்தாய். ஸ்பீக்கரில் நான் எல்லாவற்றையும் கேட்டேன். "உன் ஊர் வேற, எங்க மழை வேற, பார்க்காம தெரியாம யோசனை சொல்லாத" என்று அம்மா உன்னைக் கடிந்துகொண்டாள். நீ உடனே, "சரிம்மா, தப்பு என்னுதுதான்" என்றாய். உன்னுடையது இல்லை. உன் கவரில் ஒரு குற்றமும் இல்லை, நீ சொன்ன ஒரு வரியை நான் வேண்டுமென்றே செய்யாமல் விட்டேன். இதுதான் செய்தி.

மேலே உள்ளது வரை எழுதியது போன வாரம் செவ்வாய்க்கிழமை. அந்த இடத்தில் சின்னவள் பேனாவை மூடி மேசை மேல் வைத்துவிட்டாள். "அக்காகிட்ட சொல்றதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லணும்பா. அம்மா அடுத்த ரூம்லதான் இருக்காங்க, தபால் செலவே கிடையாது" என்றாள். அப்புறம் பார்க்கலாம், நீ எழுது என்றேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் சிரிப்பில்லை, கண் கலங்கியிருந்தது. என் மகளுக்கு முன்னால் அப்படி உட்கார்ந்திருப்பதைவிட எழுந்து போவது சுலபமாகத் தெரிந்தது.

அம்மா தையல் மெஷினில் இரண்டாவது போர்வைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். முதலில் செய்ததுபோலவே ஒன்று, சாயம் போகாத நூலில், அந்தப் பெண்ணுக்கே, இரவு பகலாகத் தைத்து முடிக்கும் தறுவாயில் இருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். மெஷின் இன்னும் ஒரு சாண் ஓடிவிட்டு நின்றது. "அந்தப் பை எங்க?" என்று கேட்டாள். அளவுகோலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதைப் போட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள். ஒரு நிமிஷம்கூட ஆகாது என்றேன். "எனக்குப் பதினோரு நாள்" என்றாள். பையை மெஷின் மேல் வைத்துவிட்டு, "பெட்டிதான் வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே, நான் என்ன புலியா சிங்கமா" என்று சொல்லிவிட்டு மெஷினைத் திரும்ப மிதித்தாள். அன்றும் மறுநாளும் என்னோடு நேராகப் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் எதிரே உட்கார்ந்திருக்க, "அப்பாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்று சின்னவளிடம் சொல்வாள். சின்னவள் என் பக்கம் திரும்பி அதை அப்படியே சொல்வாள். நான் போதும் என்றால் அதையும் எடுத்துப் போய் அம்மாவிடம் சேர்ப்பாள். இருப்பதோ ஒரே மேசை.

மூன்றாம் நாள் போனை என் முன்னால் வைத்து, "அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள், இரண்டு நாளில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், ஆஸ்பத்திரி நடையில் நிற்கிறவளிடம், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் என் கால் நரம்பு வரைக்கும் சொல்லிவிட்டேன். அவள் முழுக்கக் கேட்டாள். "சார், எனக்குக் கோவப்படக்கூடத் தெம்பு இல்ல. அம்பத்தெட்டு நாளா என் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுத்தான் பார்க்கறேன், கை விடற ஓட்டை வழியாத்தான் தொடறேன். திங்கக்கிழமை வீட்டுக்கு விடறாங்க. நீங்க எதுல வேணா அனுப்புங்க சார், பெட்டியில மட்டும் வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், அந்தச் சிரிப்புப் பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் சரிம்மா, சரிம்மா என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னேன்.

அன்று வியாழக்கிழமை, பகலுக்குள் போர்வை முடிந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் கட்டின் மேல் சுத்தமான துணி சுற்றிக்கொண்டு மடித்தேன். பாலித்தீன் பைக்குள் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவிக் காற்றை வெளியேற்றி, வாயை இரண்டு மடிப்பு மடித்து டேப் போட்டேன், பிறகு கவருக்குள் வைத்தேன், பசைப் பட்டையை உரித்து மூடி அளவுகோலால் அழுத்தித் தேய்த்தேன். நீ எழுதிய நாலு பக்கத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் செய்தேன். கவுண்டர்க்காரர் வழக்கம்போல அதைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "சார், காத்தை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா" என்றார். கதவு இடுக்கில் முழுக்க உள்ளே தள்ளவும் என்று கவர் மேல் கொட்டை எழுத்தில் சின்னவளை எழுத வைத்திருந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இங்கே மழை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்ததில் கால் வீங்கிவிட்டது, அம்மா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். நேற்று மாலை அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு படம் வந்தது. குழந்தை கொட்டாவி விடுகிறது, கழுத்தடியில் சிவப்பு எழுத்துப் பளிச்சென்று இருக்கிறது. படத்தோடு ஒரு வரியும் எழுதவில்லை, அவளுக்கு நேரம் இருந்திருக்காது.

இனி ஒற்றைத் துணி எல்லாம் கவரில்தான், மூன்று நாலு சேர்ந்து ஒரே வீட்டுக்குப் போனால் மட்டும் பெட்டி என்று முடிவாகிவிட்டது. வெட்டி வைத்த பன்னிரண்டு பெட்டியில் அம்மா நூல்கண்டுகளை நிறம் வாரியாக அடுக்கிக்கொண்டாள். கவர் ஒட்டுகிற வேலை என்னிடமே இருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் திறந்தபடி அவளிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவள் இரண்டு விரலை உள்ளே விட்டுப் பை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, "ம்" என்றால்தான் ஒட்டலாம். இருபத்தேழு வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவன், ஒரு மாத்திரை மாறிக் கொடுத்ததில்லை, இப்போது மனைவியின் மெஷினுக்குப் பக்கத்தில் வாய் திறந்த கவரோடு வரிசையில் நிற்கிறேன். எனக்கு வேண்டியதுதான். நீ அதற்காக அம்மாவிடம் எனக்குப் பரிந்து பேசாதே.

இந்த வாரம் அம்மா உன்னைக் கூப்பிடுவாள். அன்று சொன்னதற்கு வருத்தம் தெரிவிக்க என்ன வார்த்தை என்று தேடிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் அவள் நீ என்ன சாப்பிட்டாய் என்று மூன்று தடவை கேட்டால் அதுதான் அந்த வார்த்தை என்று எடுத்துக்கொள். எனக்காக நீ சுமந்த பழியை நான் இங்கே இறக்கி வைத்துவிட்டேன், உன் மனதிலும் இறக்கி வைத்துவிடு. தப்பு உன்னுடையது இல்லாதபோது என்னுடையது என்று ஒத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம், வேலை இடத்தில் அதைப் பார்த்துவிட்டால் எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிடுவார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறாய், தடித்த அடி வைத்த செருப்பு வாங்கிப் போடு, என் காலைப் பார்த்தாவது புத்தி வரட்டும், அடுத்த முறை போனில் செருப்பு வாங்கியாயிற்றா என்றுதான் முதலில் கேட்பேன். நீ நினைத்தது நடந்து, நோய் நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் உன்னை வாழ்த்துகிறோம்.

இன்று காலை நாலு கவர். மூன்றை அம்மா தொட்டுப் பார்த்தாள். நாலாவதை நீட்டியபோது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை, கையும் நீளவில்லை. நான் அப்படியே நின்றேன். "நிக்கறீங்களே, ஒட்டுங்க" என்றாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

(கையெழுத்து மட்டும் சின்னவளுடையது. வார்த்தைகளிலும் பாதி.)